ஆடாத வெளிச்சம்

எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. என் மகளுடையது. பிளஸ் டூ முடித்த விடுமுறையில் சேலத்தில் வாங்கி, அவள் அப்பா வேலை பார்க்கும் காப்பி எஸ்டேட்டின் ஜீப்பில், பின்சீட்டில் பழைய கம்பளியைச் சுற்றிக் கொண்டுவந்தாள். அதில் மீன் குறைவு, செடி அதிகம். நாடா போல நீளும் வாலிஸ்னேரியா, கட்டைமேல் நூலால் கட்டிவிட்ட ஜாவா ஃபெர்ன், மூலையில் சிவப்புத் தண்டுச் செடி ஒன்று. கொஞ்சம் சின்ன மீன்கள், நகத்தளவு சிவப்பு இறால்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் "மீன் தொட்டிங்களா?" என்று கேட்டால், "இல்லீங்க, தோட்டம். மீனுங்க வாடகைக்கு இருக்குது" என்பாள்.

அப்போது அப்படிப் பேசுவாள்.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் விடுதியிலிருந்து மலைமேல் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸில் அது நடந்தது. கொண்டை ஊசி வளைவில், மேலேயிருந்து இறங்கிய சுற்றுலாக் கார் ஒன்று தன் பக்கத்தை விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பஸ் நின்றது, கார் போய்விட்டது. முன்சீட்டுக் கம்பியில் மகளின் நெற்றி மோதியது. ரத்தம் இல்லை. பஸ்ஸில் வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. அவள் ஏரிப்பக்கம் இறங்கி, பஜாரில் எனக்கு வெங்காயம் வாங்கிக்கொண்டு, நடந்தே வீட்டுக்கு வந்தாள். "மண்டையில சர்ச் மணி அடிச்சுதும்மா இன்னைக்கு" என்று சொல்லிவிட்டுத் தோசை சாப்பிட்டாள். நான் தைலம் தேய்த்துவிட்டேன்.

மறுநாள் காலை அவள் அறை ஜன்னலைத் திறந்தேன். போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு, "மூடு" என்றாள்.

சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் ஒன்றுமில்லை. டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். மூளை குலுங்கியிருக்கிறது, அது படத்தில் தெரியாது, வாரக்கணக்கும் ஆகலாம், மாதக்கணக்கும் ஆகலாம் என்றார். வெளிச்சம், சத்தம், வாசனை எதுவும் கொஞ்ச காலம் ஒத்துக்கொள்ளாது. அதற்காக முழு இருட்டில் படுக்கவைத்துவிடக் கூடாது. இருட்டுக்குப் பழகிவிட்டால் பிறகு வெளிச்சம் இன்னும் வலிக்கும். தாங்குகிற அளவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக.

"எவ்வளவு கொஞ்சம்ங்க டாக்டர்?" என்று கேட்டேன்.

"அது அவங்களுக்குத்தாங்க தெரியும்" என்றார்.

அவளோ இருட்டுக்கே போய்விட்டாள். வீட்டின் பின்னறையில் ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டச் சொன்னாள். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்தாள். சாப்பாடு உள்ளே போனது, தட்டு வெளியே வந்தது. நாங்கள் தாழ்ந்த குரலில் பேசப் பழகினோம். இவள் இனி அந்த அறையை விட்டு வெளியே வருவாளா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைக் கேட்க ஆளில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போனேன், வந்தேன். சோறு வடித்தேன். உப்புப் போட்டேனா என்பது சாப்பிடும்போதுதான் தெரியும்.

அந்தச் சமயத்தில் ஒரு கோடை மழை பெய்தது. அடுத்த வாரம் மலையெல்லாம் காப்பி பூத்தது. வருடாவருடம் அந்த வாசனை வந்தால் நாங்கள் கதவைத் திறந்து வைப்போம். இந்த வருடம் அவளுக்குக் குமட்டியது. எல்லாவற்றையும் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

தொட்டியின் லைட்டை முதல் நாளே அணைத்துவிட்டோம். தொட்டியோடு வந்த லைட் அது. விளிம்பில் கவ்வி நிற்கும், நீலம் கலந்த வெள்ளையாக எரியும். அது எரிந்தால் முன்னறையைத் தாண்டி நடை முழுக்க வெளிச்சம் வரும். அவள் குளியலறைக்குப் போக வேண்டுமென்றால் அந்த நடையில்தான் வரவேண்டும். லைட் இல்லாமல் மீன்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. செடிகள்தான் கண்ணாடிபோல் ஆகிக் கரையத் தொடங்கின. சிவப்புச் செடி முதலில் பச்சையானது, பிறகு தண்டு மட்டும் நின்றது.

சாயங்காலங்களில் நான் காப்பி கொண்டுபோகும்போது இருட்டுக்குள்ளிருந்து கேட்பாள்.

"செடி எப்படி இருக்கு?"

"நல்லாருக்குது கண்ணு."

"லைட்டே போடாம எப்படிம்மா நல்லாருக்கும்? ஜெபம் பண்ணுனியா?"

அவள் என்னைக் கேட்ட ஒரே கேள்வி அந்தச் செடிகளைப் பற்றித்தான். கல்லூரி பற்றி, தோழிகள் பற்றி, பரீட்சை பற்றி ஒன்றும் கேட்கவில்லை. செடிகளும் போய்விட்டால் அந்தக் கேள்வியும் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது. தொட்டிமேல் எனக்கு இருந்த அக்கறை அவ்வளவுதான். அதற்கு முன் ஒரு நாளும் நான் அதில் கை வைத்ததில்லை.

லைட்டை நாளுக்குக் கொஞ்ச நேரம் போட்டுப் பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு வெயில் ஏறும் முன் ஒரு நடை வீட்டுக்கு வந்து போவார். அப்படி வந்தபோது போட்டோம். பின்னறைக் கதவு கொஞ்சம் திறந்தது.

"அணைங்க. அது ஆடுது" என்றாள்.

"ஆடலியே சாமி. கெட்டியாத்தான் மாட்டியிருக்கறேன்" என்றார் இவர், லைட்டைப் பிடித்துப் பார்த்தபடி.

"லைட்டு ஆடலப்பா. வெளிச்சம் ஆடுது."

நாங்கள் இருவரும் தொட்டியைப் பார்த்தோம். வெளிச்சம் அசையாமல் இருந்தது. இன்னொரு நாளும் போட்டோம். அதையேதான் சொன்னாள். ஜன்னலில் வடிகட்டி வரும் பகல் வெளிச்சம் அந்த அளவுக்கு வலிக்கவில்லை, இது மட்டும் வலிக்கிறது, ஏனென்றால் இது ஆடுகிறது என்றாள்.

பக்கத்து வீட்டு அக்கா சபையில் எங்களோடு பாடுகிறவர். ஜெபித்துவிட்டுப் போக வந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது என் காதருகே சொன்னார்:

"தப்பா நெனச்சுக்காதீங்க. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைங்கறாங்க, இல்லாத ஆட்டத்தைப் புள்ள ஆடுதுங்குது. காலேஜு போகப் புடிக்காம இருந்தாலும் இருக்குமுங்க. இந்தக் காலத்துப் புள்ளைங்க மனசு நமக்கு எங்கீங்க தெரியுது."

"அப்படியெல்லாம் இல்லீங்க்கா" என்றேன்.

அவர் போன பிறகு அதையே நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன். அன்று இரவு இவரும், முகத்தை என் பக்கம் திருப்பாமல், "காலேஜ்ல எதாச்சும் பிரச்சனையான்னு நீ ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். நான் கேட்கவில்லை. கேட்கலாமோ என்று நினைத்தேன்.

அதைத் தீர்த்துவைத்தது என் போன். தொட்டி வாங்கிய சேலத்துக் கடையின் நம்பர் அவள் போனில் இருந்தது. செடி கரைவதை வீடியோ எடுத்து அனுப்பி, என்ன செய்யலாம் என்று கேட்போம் என நினைத்தேன். அவள் தூங்குகிற நேரமாகப் பார்த்து லைட்டைப் போட்டு, போனைத் தொட்டிக்கு நேராகப் பிடித்தேன். திரையில் தொட்டி தெரிந்தது. அதன்மேல் அகலமான கறுப்புக் கோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக, மேலிருந்து கீழே ஊர்ந்துகொண்டிருந்தன. போனை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். கோடு இல்லை. திரும்பத் தூக்கினேன். இருந்தது. சமையலறை பல்பைப் பிடித்துப் பார்த்தேன். அதில் இல்லை.

மதியம் இவர் வந்தபோது காட்டினேன். நெட்டில் படித்ததையும் சொன்னேன். மட்டமான எல்இடி லைட்டுகள் ஒரு நொடிக்குள் பல தடவை அணைந்து எரிகின்றன. நம் கண்ணுக்கு ஒரே வெளிச்சமாகத் தெரியும், காமிராவுக்குக் கோடாகத் தெரியும், தலையில் அடிபட்டவர்களில் சிலருக்கு அது தாங்காது. அவர் போனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு வெளியே போய் வாசலில் நின்றார். சோறு ஆறிப்போனது.

நான் பின்னறைக் கதவருகே போய்ச் சொன்னேன். "ஆடுது கண்ணு. நீ சொன்னது நெசந்தான்."

"எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு, "நீயும் நம்பலியா?" என்றாள்.

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

சனிக்கிழமை சேலத்துக்குப் போனேன். அவளுக்கு அடிபட்டதற்கப்புறம் நான் தனியாக அந்த மலைப்பாதையில் பஸ்ஸில் போனது அன்றுதான் முதல் தடவை. சீசன் தொடங்கியிருந்தது, கார்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வளைவிலும் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். பஸ் அடிவாரத்துக்கு வந்தபோதும் விரல்கள் மடங்கியபடியே இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "வாந்தி வருதுங்களா? எலுமிச்சம்பழம் இருக்குதுங்க" என்றாள். வாங்கிக்கொண்டேன். வீடு வரும்வரை அது கைப்பையிலேயே இருந்தது.

கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். சுவர் முழுக்கத் தொட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒவ்வொரு லைட்.

"வாங்க்கா. மீனா, செடியா?"

"லைட்டுங்க. ரெண்டடித் தொட்டிக்கு. செடி வளரணும்."

அவர் ஒன்றொன்றாகச் சொல்லத் தொடங்கினார். இத்தனை வாட், இத்தனை லூமன், இது பகல் வெளிச்ச நிறம், இது சிவப்புச் செடியை இன்னும் சிவப்பாகக் காட்டும். நான் கேட்டுக்கொண்டே போனை எடுத்து ஒவ்வொரு லைட்டுக்கும் நேராகப் பிடித்துப் பார்த்தேன்.

"என்னங்க்கா, ரீல்ஸா? கடை போர்டு தெரியற மாதிரி எடுங்க."

தங்கமீன் பையோடு நின்றிருந்த ஒருவர், "ஏனுங்க, நான் தெரியறனுங்களா? ஊட்டுல ஆபீஸ் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன்" என்றார்.

"கோடு வருதுங்களான்னு பாக்கறேன்" என்று கடைக்காரரிடம் திரையைக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். "அட, ஆமாங்க்கா. இத்தனை நாளா மீனுங்க ஒண்ணும் கம்ப்ளைண்ட் சொல்லலியே."

"என் பொண்ணு சொல்றாளுங்க" என்றேன். தலையில் அடிபட்ட கதையை ஒன்றிரண்டு வரியில் சொன்னேன். அதன் பிறகு அவர் கேலி பேசவில்லை. மேல் தட்டிலிருந்த பெட்டிகளையும் இறக்கி ஒவ்வொன்றாக எரியவிட்டார். தங்கமீன்காரரும் தன் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற லைட் ஒன்று இருந்தது. இதுதான், இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். முழுதாக எரிந்தபோது கோடு இல்லை. கடைக்காரர் ரிமோட்டில் குறைத்தார். கோடுகள் வந்துவிட்டன. இன்னும் குறைத்தார், கோடுகள் தடித்தன. அணைத்து அணைத்து எரிவதால்தான் அதில் வெளிச்சம் குறைகிறது என்பது அங்கே நின்றபோது எனக்குப் புரிந்தது. கடைசியில் ஒரு லைட்டில் மட்டும் கோடே இல்லை. குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. போட்டால் ஒரே அளவில்தான் எரியும்.

"அது கொஞ்சம் முரடுங்க்கா. தொட்டித் தரையில புல்லு விரிக்கறவங்க வாங்கறது. நீங்க கேஸ் விடறீங்களா?"

செடிக்குக் கரியமில வாயு விடுகிறவர்களைக் கேட்கிறார். "இல்லீங்க" என்றேன்.

"அப்ப பாசி ஏறிரும். ஆறு மணி நேரத்துக்கு மேல போடாதீங்க. ஸ்டாண்டு வெச்சு ஒசத்தி வைங்க."

காதில் விழுந்தது. நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு இல்லாமல், பால்போல ஒரே வெளிச்சம். அதை வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே இவர் அதைப் பொருத்தினார். "போடப் போறோம் கண்ணு" என்று குரல் கொடுத்துவிட்டுப் போட்டோம். முன்னறைச் சுவரில் இருந்த காலண்டரின் சின்ன எழுத்துகள்கூடத் தெரிந்தன. பின்னறைக் கதவு திறந்தது. நடை முனைவரை வந்தாள், கையை நெற்றிமேல் குடைபோல் வைத்துக்கொண்டு. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். கன்னம் ஒட்டியிருந்தது.

"ஆடல" என்றாள்.

இவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"ஆனா நடு மத்தியானம் மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். துண்டு கதவிடுக்கில் செருகப்படும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு உயரத்தோடு மல்லுக்கட்டினோம். லைட்டை ஸ்டாண்டில் உயர்த்தி வைத்தால் செடிகளுக்கு அளவாக இருந்தது. ஆனால் வெளிச்சம் நான்கு பக்கமும் சிதறி, சுவரெல்லாம் ஏறி, நடைவரை போனது. இறக்கிக் கண்ணாடிமேலேயே வைத்தால் அறை மங்கி அமைதியாக இருந்தது. மொத்த வெளிச்சமும் செடிகள்மேல் விழுந்தது. அறையா, தொட்டியா என்று வந்தபோது நான் அறையை எடுத்துக்கொண்டேன். இறக்கி வைத்தேன். அதோடு விடவில்லை. இத்தனை நாள் பட்டினி கிடந்த செடிகள், நன்றாகச் சாப்பிடட்டும் என்று காலையில் எழுந்ததும் போட்டுவிட்டு, ராத்திரிச் சாப்பாடு முடிந்துதான் அணைத்தேன். காய்ச்சல் விட்ட பிள்ளைக்கு ஒரே நாளில் எல்லாவற்றையும் ஊட்டிவிடப் பார்க்கிற ஆள் நான். எப்போதும் அப்படித்தான்.

முதலில் புது இலைகள் வந்தன. "துளிர் வந்திருக்குது கண்ணு" என்று கதவுவழியாகச் சொன்னேன். பொய் இல்லை என்பதால் சத்தமாகவே சொன்னேன். பிறகு கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் வந்தன. பிறகு ஒவ்வொரு இலை ஓரத்திலும் நூல்நூலாகப் பாசி. ஒரு வாரத்தில் அது விரலால் சுற்றி இழுக்கிற அளவுக்கு நீண்டது. கட்டை தெரியவில்லை. இறால்கள் அதற்குள்ளிருந்து எப்போதாவது எட்டிப் பார்த்தன. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் இவர் சட்டையைக்கூட மாற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்தார்.

"இது பாசிதான? இதுக்கு மருந்து எஸ்டேட்லயே இருக்குது. நேத்தே கொண்டாந்துட்டேன்."

"என்ன மருந்துங்க?"

"மயில்துத்தந்தான். காப்பிக்கு அடிக்கக் கலக்கறமே, அது. ஆளுங்க இருக்கற லைன் ஊடுங்க பக்கம் தண்ணித் தொட்டி பாசி புடிச்சா ஒரு சிட்டிகை போடுவோம். நாலு நாள்ல பளிங்கு மாதிரி ஆயிரும்."

எனக்குச் சரியாகத்தான் பட்டது. இந்த மலையில் எந்த வீட்டிலும் சரியாகத்தான் பட்டிருக்கும். காப்பி இலையில் நோய் வந்தால் அது, மிளகுக் கொடி வாடினால் அது, எங்கள் கைக்கு முதலில் வருவது அந்த நீலக் கல்தான். அவர் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். மூடியைத் திறக்க வசதியாக நான் லைட்டை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்தேன். அறை முழுக்க அந்த வெள்ளை வெளிச்சம் அடித்தது.

"எவ்வளவுங்க போடணும்?"

"ஒரு நகக்கண்ணு அளவு. இது நொம்பச் சின்னத் தொட்டி, அதுவே சாஸ்தி."

பின்னறைக் கதவு சுவரில் மோதித் திறந்தது. அவள் ஓடி வந்தாள். கையை நெற்றியில் வைத்துக்கொள்ளவில்லை. நேராக வந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, போடாதீங்க. அதுல செம்பு இருக்குது. இறாலு ஒண்ணு மிஞ்சாது."

"ஏஞ்சாமி, காப்பிக்கே அடிக்கறோம்..."

"காப்பி நீந்துதாப்பா?"

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். மடித்தார். "நான் என்னத்தக் கண்டேன்" என்று பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவள் தொட்டிப் பக்கம் திரும்பினாள். நான் இன்னும் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தேன். இறக்க வேண்டும் என்று தோன்றவில்லை. இறக்கினால் போய்விடுவாளோ என்றும் இருந்தது. அந்த வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"என்னம்மா இது, தலைமுடி வளத்து வெச்சிருக்கற. எத்தனை மணி நேரம் போடற?"

"காலைல எந்திரிச்சதும் போட்டுட்டு..."

"அம்மா."

"பட்டினி கெடந்துச்சேன்னு."

"பட்டினி கெடந்ததுக்குப் பந்தி போட்டியாக்கும்" என்றாள். சிரிப்பின் ஓரம் ஒன்று வந்தது. அதற்குள் அவள் முகம் வெளுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அங்கேயே வாந்தி எடுத்தாள். நான் லைட்டை அணைத்தேன். இவர் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் பினாயில் ஊற்றித் தரையைத் துடைத்தேன், இரண்டு தடவை. பினாயில் வாசனையும் அவளுக்கு ஆகாது என்பது துடைத்து முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்து வந்த நாள்களில் அவள் காப்பிக்குக்கூட எழவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். கேட்டுவிட்டு, "தானா எந்திரிச்சு வந்தாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லதுதாங்க. அடுத்த தடவை கொஞ்சமா வரட்டும்" என்றார். நல்லது என்ற சொல்லைப் போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். அது எனக்குள் எங்கும் போய்ச் சேரவில்லை.

இவர் ஒரு சாயங்காலம் எஸ்டேட்டிலிருந்து பச்சை வலை ஒரு சுருள் கொண்டுவந்தார். காப்பி நாற்றங்காலில் பந்தலுக்குப் போடுகிற நிழல்வலை. வெட்டியது போக மிச்சம். இரும்புக் கம்பியை வளைத்து ஒரு சட்டம் செய்தார். வலையை நான்கு மடிப்பாக மடித்து, லைட்டுக்குக் கீழேயும் முன்பக்கமும் பக்கவாட்டிலும் கட்டினார். சூடு தங்காமல் இருக்க லைட்டுக்கும் வலைக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விட்டார். வேலை நடக்கும்போதே என்னிடம், ஆனால் பின்னறைக்குக் கேட்கிற மாதிரி, சொல்லிக்கொண்டிருந்தார்.

"பையில இருக்கற நாத்தை ஒரே நாள்ல பந்தலப் பிரிச்சு வெயில்ல உட்டா இலை பூரா கருகிப் போகும். மழைக்கு முன்னால மெல்ல மெல்லத்தான் நெழலைக் கொறைப்போம். முதல்ல ஒரு மடிப்பு. அது தாங்கிருச்சுன்னா இன்னொண்ணு. ரைட்டரு வேலையில பாதி நாளு இதத்தான் பாத்துட்டு நிக்கறேன். ஊட்டுல வந்து மறந்து போயிட்டேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னை நாத்துங்கறீங்களா?"

"தொட்டியச் சொன்னேன் கண்ணு."

"பொய்."

"செரி, பொய்தான்."

லைட்டைப் போட்டார். பச்சை கலந்த மங்கிய வெளிச்சம், சில்வர் ஓக் மர நிழலில் காப்பிச் செடிகளுக்கு நடுவே நிற்கிற மாதிரி இருந்தது. போனைப் பிடித்துப் பார்த்தேன். கோடு இல்லை. காலண்டரில் பெரிய எழுத்துகள் மட்டும் தெரிந்தன.

அவள் அன்று வரவில்லை. மறுநாள் அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து, தொட்டிக்குத் தூரமாக, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்துகொண்டே எங்களுக்குச் சட்டம் போட்டாள். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல்தான் லைட். ஆறு மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடம் கூடாது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பாசியைச் சுற்றி எடுக்க வேண்டும், பிய்த்து இழுக்கக் கூடாது. "அப்புறம், நான் சொல்ற வரைக்கும் யாரும் வலையில கைய வைக்கக் கூடாது."

"செரிங்க மேடம்" என்றார் அவள் அப்பா.

பாசியை நான் எடுத்தேன். முழங்கைவரை தண்ணீரில் விட்டு, பிரஷ்ஷைத் திருகினால் நூல்கள் சுற்றிக்கொண்டு வரும். அலுவலகத்திலிருந்து வந்து தினமும் அந்த வேலைதான். அவள் நாற்காலி நாளாக நாளாகக் கொஞ்சம் திரும்பியது. முதலில் பக்கவாட்டில், பிறகு தொட்டியைப் பார்த்தபடி. ஒரு மடிப்பு போனது. சீசன் கூட்டத்தில் எங்கள் தெருவில் ஹாரன் சத்தம் ஓயாத ஒரு சனிக்கிழமைக்குப் பிறகு, அவளே அந்த மடிப்பைத் திரும்பக் கட்டச் சொன்னாள். பிறகு மறுபடி போனது. இரண்டாவது போனது. அவள் உள்ளே தூங்கும்போது ஒரு நாள் என் விரல் மூன்றாவது மடிப்பின் முடிச்சுவரை போயிருக்கிறது. இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகாதா என்று. தொட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பரீட்சை போய்விட்டது. கல்லூரியில் மருத்துவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அடுத்த பருவத்தில் எழுதலாம் என்றார்கள். அவள் அதற்குத் தலையாட்டினாள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் வந்து, அந்தப் பச்சை வெளிச்சத்தில் அவளோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். போகும்போது என் கையைப் பிடித்து அழுத்தினார். நானும் அழுத்தினேன் என்று நினைக்கிறேன். பஸ்ஸில் இன்றைக்கும் நான் முன்சீட்டுக் கம்பியை விடுவதில்லை. வீட்டில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறேன்.

எஸ்டேட்டில் பந்தலைப் பிரித்து, மழையை எதிர்பார்த்து நாற்றுகளை வெளியே வரிசை வைத்திருந்த வாரம். அன்று சாயங்காலம் ஒரே ஒரு மடிப்புதான் மிச்சம் இருந்தது. சிவப்புச் செடியின் நுனியில் நிறம் வந்திருந்தது. அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அதையும் எடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கடைசி முடிச்சை அவிழ்த்து வலையை உருவினார். கடையில் நான் பார்த்த அந்தப் பால்போன்ற வெளிச்சம் அப்படியே விழுந்தது. இறால்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கித் தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொண்டாள். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன்.

"வலிக்குதா கண்ணு?"

"வலிக்குது. எண்ணாதம்மா, நின்னுக்கிட்டு."

நான் நொடிகளை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். நிறுத்தினேன்.

"போதும்ப்பா, போடுங்க" என்றாள் கொஞ்ச நேரத்தில். அவர் வலையைத் திரும்ப விரித்து, சட்டத்தில் வைத்து, முடிச்சுப் போடக் கயிற்றை எடுத்தார்.

"முடிச்சு வேண்டாம். சும்மா மாட்டி மட்டும் வைங்க. நாளைக்கு நானே எடுத்துக்கறேன்."

அவர் கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வலையின் ஓரத்தைக் கம்பியில் செருகினார். நான் உள்ளே போனேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பர்னர் அணைந்து, கேஸ் வாசனை வந்துகொண்டிருந்தது. கேஸை அடைத்துவிட்டு, அந்த வாசனை அவளுக்கு ஆகாதே என்று பின்கதவைத் திறந்து வைத்தேன். வெளியே தூறல் விழத் தொடங்கியிருந்தது.